காரினுள்ளே கரியிழைத் தாள்

மௌலா அலிக் குன்றைச் சுற்றியுள்ள ரயில்வே குடியிருப்புகளிலும் ஹவுசிங் போர்டு காலனியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாயிலில் இன்று ஒரு சிறு கார் நிற்கிறது. புது வண்டி வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பிறர் ஏழெட்டு ஆண்டுகள் ஓட்டிய வண்டியை இரண்டாம் கையாக வாங்கி, பொங்கலுக்கும் உறவினர் திருமணத்திற்கும் ஊர் போய் வருவதற்கென வைத்திருப்போர் நம்மிடையே அநேகர். வார நாட்களில் அவ்வண்டிக்கு வேலை கிடையாது. அலுவலகத்திற்கு நடந்தே போய்விடுகிறோம். 2024 மார்ச்சு மாதம் மௌலா அலிக்கும் சனத்நகருக்கும் இடையே எம்.எம்.டி.எஸ். வண்டி விடப்பட்ட பின்னர் சிலருக்கு நகரப் பயணமும் ரயிலிலேயே ஆயிற்று. கார் மட்டும் ஆறு நாளும் வெயில் குடித்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிறது.

இப்படி நிற்கும் வண்டியில் எஞ்சினுக்கு முன்னர் மூப்படைவது உட்புறமே. கியர்க் கம்பைச் சுற்றியுள்ள பட்டையில் பூசிய வெள்ளிநிறம், ஓட்டுபவரின் மோதிரம் பட்டுப் பட்டு உரிகிறது. கதவின் உட்கைப்பிடி வெளிறுகிறது. ரேடியோவைச் சூழ்ந்த பளபளப்பான கறுப்புச் சட்டம் கீறலால் நிறைகிறது. கம்பெனிக் கடையில் புதுப் பட்டை கேட்டால், அவர்கள் சொல்லும் விலை பழைய வண்டியின் தகுதிக்குப் பொருந்துவதாயில்லை. அந்நிலையில்தான் செகந்திராபாத் ராணிகஞ்சு போன்ற மோட்டார் சாமான் கடைத்தெருக்களில் சுருள் சுருளாகத் தொங்கும் ‘கார்பன் தாள்’ நம் கண்ணில் படுகிறது. எழுத்து வேலையில் இருக்கும் நமக்குக் கார்பன் தாள் என்றவுடன் நகலெடுக்கும் நீலத்தாளே நினைவுக்கு வரும். இது வேறு. பின்புறம் பசையும் முன்புறம் கறுப்பு நெசவுக் கோலமும் கொண்ட வினைல் தாள் இது. உரிந்த பட்டையின்மேல் ஒட்டினால் பந்தயக் காரின் உட்புறம் போன்ற தோற்றம் தருகிறது. இதனை வீட்டிலேயே ஒட்ட இயலுமா என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்டதுண்டு. இயலும். எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டவே கூடாது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், இரண்டு விடுமுறை நாட்களில் முடியக்கூடிய வேலையே.

அத்தாளில் அச்சிட்டுள்ள கோலம் எதனுடைய சாயல் என்பதைச் சற்றே கூறுவோம். கார்பன் ஃபைபர் எனப்படும் கரியிழை, நூலைக் காற்றுப் படாமல் கடுஞ்சூட்டில் வைத்து, கரி ஒன்றே எஞ்சுமாறு செய்வதால் பிறப்பது. 1879-இல் எடிசன் தம் மின்விளக்கிற்காகப் பருத்தி நூலையும் பின்னர் மூங்கில் நாரையும் கரியாக்கிப் பயன்படுத்தினார். ஆனால் அதில் வலிமை இல்லை. வலிமை மிக்க இழை பிறந்தது 1950களின் இறுதியில். அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்பாரும், ஜப்பானின் ஒசாகா நகரில் அகியோ ஷிண்டோ என்பாரும் அதற்கு வழி வகுத்தனர். ஓர் இழையின் தடிப்பு ஏறக்குறைய 5 முதல் 7 மைக்ரான். நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு எனலாம். இவ்விழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பட்டையாக்கி, பட்டைகளைத் துணி போல் நெய்து, பிசின் ஊட்டிச் சூட்டில் இறுக்கினால், எடையில் இரும்பில் நாலில் ஒரு பங்கிற்கும் குறைவான, உறுதியில் அதனோடு போட்டியிடத்தக்க ஒரு பொருள் கிடைக்கிறது. இரண்டு பட்டைக்கு மேலும் இரண்டு பட்டைக்குக் கீழுமாக நெய்வதால் சாய்வரிகள் தோன்றுகின்றன. கடைத் தாளில் நாம் காணும் சாய்வரிகள் அந்நெசவின் படமே.

1981-இல் மக்லாரன் கம்பெனியார் தம் எம்.பி.4/1 பந்தயக் காரின் உடற்கூட்டைக் கரியிழையால் செய்தனர். அவ்வாண்டு இத்தாலியில் மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய வண்டி பெருவிபத்துக்குள்ளாகிச் சிதறியும், அவர் தம் காலாலேயே நடந்து வெளிவந்தார். அன்று முதல் அந்நெசவுக் கோலத்திற்கு வேகத்தின் சின்னம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நாம் வாழும் ஐதராபாத்துக்கும் இதில் பங்குண்டு. 1989 மே 22 அன்று ஏவப்பட்ட அக்னி ஏவுகணை விண்ணினின்று காற்று மண்டலத்துள் மீளும்போது, அதன் மூக்குப்பகுதி கடுஞ்சூட்டைத் தாங்கவேண்டியிருந்தது. அதற்கெனக் கரியிழையைக் கரியிலேயே பதித்த கூட்டுப்பொருளை இங்குள்ள ஆய்வுக்கூடத்தார் உருவாக்கினர். அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் இராமேசுவரத்துக் கலாம் அவர்கள் என்பது நம் பிள்ளைகளும் அறிந்ததே. நிஜாம் மருத்துவக் கழகத்து எலும்பு மருத்துவர் ஒருவர் அப்பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து வியந்து, இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய சிறார்கள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புக் கவசங்களை இழுத்து நடப்பதைக் கலாமுக்குக் காட்டினாராம். சில வாரங்களில் 300 கிராம் எடையுள்ள காற்கவசங்கள் தயாராயின. இதனைக் கலாம் அவர்களே பலமுறை கூறியுள்ளார். இலேசான பொருள் ஒன்றின் பெருமைக்கு, பந்தயக் காரைவிட அச்சிறுவர்களின் நடையையே நாம் முதலில் சொல்லுவோம்.

இனி, கடையில் விற்கும் தாளுக்கு வருவோம். அதில் கரியிழை ஓர் இழையும் இல்லை. இருப்பது மென்மையாக்கிய பி.வி.சி.; அதன்மேல் நெசவின் படமும், விரலுக்குத் தட்டுப்படும் மேடுபள்ளமும். விறைத்துப்போகும் பி.வி.சி.யை எண்ணெய் போன்ற பொருள் சேர்த்து வளையவைக்கலாம் என்று 1926-இல் கண்டவர் அமெரிக்கரான வால்டோ சீமன். மேட்டூரிலும் 1960களிலிருந்தே பி.வி.சி. செய்யும் ஆலை உண்டு. ஆகவே பெயர் புதிதாயினும் சரக்கு நமக்குப் பழையதே. இத்தாளை ஒட்டுவதால் பட்டைக்கு வலிமை கூடாது, எடை குறையாது. உடைந்த பட்டை ஒட்டிய பின்னும் உடைந்த பட்டையே. தோற்றம் ஒன்றே மாறும் என்று தெரிந்து செய்பவர்க்கு இதில் ஏமாற்றம் நேர்வதற்கில்லை. போலியை ஏன் ஒட்டவேண்டும் என்று கேட்கும் பெரியோரும் உளர். மர நிறத் தாள் ஒட்டிய மேசையில் நாள்தோறும் உணவருந்தும் நாம் அக்கேள்விக்குப் பெரிதாக விடை தேடவேண்டியதில்லை என்பது நம் கருத்து.

கடைக்காரர் இதனையும் ‘ரேடியம்’ என்றே சொல்லுவார். ஒட்டுத்தாள் எதுவாயினும் ரேடியம் என்பது இத்தொழிலின் வழக்கு. அவ்வுலோகத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவர் 3டி, 4டி, 5டி என்று மூன்று வகை காட்டுவார். 3டி என்பது மங்கலான, தொட்டால் சொரசொரப்பான வகை, 5டி கண்ணாடி போல் மின்னுவது, 4டி இடைப்பட்டது. இப்பெயர்கள் வெறும் வாணிகப் பெயர்கள். உண்மையில் நாம் கேட்டறியவேண்டிய வேறுபாடு வேறொன்று. தாள் உருட்டிச் செய்ததா, வார்த்துச் செய்ததா என்பதே அது.

உருட்டிய தாளைக் காலண்டர் வகை என்பர். சூடான உருளைகளினிடையே பி.வி.சி. மாவை நசுக்கி இழுத்து மெல்லிதாக்குவது அம்முறை. பரோட்டா மாவைத் தேய்த்து விட்டால் அது சற்றே பின்னுக்குச் சுருங்குவதைத் தாய்மார்கள் அறிவார்கள். உருட்டிய தாளுக்கும் அக்குணம் உண்டு. வெயிலின் சூடு படப்பட, பழைய வடிவை நினைத்து ஓரங்களில் சுருங்கும், மூலைகளில் எழும்பும். வார்த்த தாளைக் காஸ்ட் வகை என்பர். கூழ்வற்றலுக்குக் கூழைத் துணியில் பரப்புவது போல, நீர்ம நிலையிலுள்ள வினைலைப் பரப்பிச் சூட்டில் உலர்த்துவது அது. எவரும் இழுக்காததால் சுருங்கும் வேட்கை அதற்குக் குறைவு, மெல்லியது, வளைவுகளில் இணங்கிப் படியும். விலை அதிகம். தட்டையான பட்டைக்கு உருட்டிய தாளே போதும். கதவுக் கைப்பிடி, காற்றுவழியின் வளையம் போன்ற வளைந்த உறுப்புகளுக்கு வார்த்த தாளை வாங்குவதே நன்று. தாளின் பின்புறப் பசையில் நுண்ணிய கால்வாய்கள் உள்ளனவா என்றும் பார்க்கவேண்டும். உள்ளே அகப்பட்ட காற்று அவற்றின் வழியே வெளியேறும். கால்வாய் இல்லாத தாளைப் புதிதாகக் கற்பவர் தொடாதிருத்தல் நலம்.

எங்கே ஒட்டக்கூடாது என்பதை இனிச் சொல்லவேண்டும். இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை அன்பர்கள் மறத்தல் வேண்டா. நம் நாட்டில் ஓட்டுநர்க்குரிய காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. பக்கத்து இருக்கைக்குரிய பை, புதிதாக வெளிவரும் கார் வகைகளுக்கு 2021 ஏப்ரல் முதலும், முன்னரே விற்பனையிலிருந்த வகைகளுக்கு 2022 தொடக்கம் முதலும் கட்டாயமாயிற்று. ஆகவே சில ஆண்டு பழைய வண்டியிலும் ஏர்பேக் எனும் அப்பை இருக்கக்கூடும். ஓட்டுநர்க்குரியது ஸ்டியரிங் சக்கரத்தின் நடு மூடிக்குள்ளும், மற்றவர்க்குரியது எதிரே டாஷ்போர்டுக்குள்ளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் இருக்கையின் விலாவிலும், கூரையின் ஓரத்திலும், முன்தூண் மூடியின் பின்னும் உண்டு. ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ எழுத்துப் பொறித்திருப்பதே அடையாளம்.

மோதல் நிகழ்ந்ததும் அப்பை விரிந்து முடிவதற்கு ஆகும் காலம், கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவு. ஒரு நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூடியின் உட்புறத்தில் வேண்டுமென்றே மெல்லிய கோடுகள் விட்டிருப்பார்கள். பை அக்கோட்டில் கிழித்துக்கொண்டு, குறித்த திசையில் குறித்த வேகத்தில் வெளிவரவேண்டும் என்பது அமைப்பு. இழுபடும் குணமுள்ள வினைல் தாளை அக்கோட்டின் குறுக்கே ஒட்டினால், மூடி திறக்கும் விதம் மாறக்கூடும். பை தாமதிக்கலாம், கோணலாக வரலாம், தாளின் துண்டோ மூடியின் துண்டோ முகத்தை நோக்கிப் பாயலாம். இதனை வெறும் அச்சமூட்டும் பேச்சென்று தள்ளுவதற்கில்லை. ஸ்டியரிங் நடுவில் ஒட்டும் அலங்கார முத்திரைகளைக் குறித்து 2023-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. விபத்தில் பை விரிந்தபோது அத்தகைய முத்திரை ஒன்று பெயர்ந்து பறந்து, ஓட்டியவர் ஒருவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்தார். கண்ணுக்கு அழகாயிருக்கட்டும் என்று ஒட்டிய பொருள் அது!

இதனோடு சேர்த்து இன்னொன்று. பக்கத்து இருக்கைக்கு எதிரேயுள்ள டாஷ்போர்டின் மேற்பரப்பில் பிள்ளையாரையும் முருகனையும் பசை வைத்து ஒட்டும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பக்தியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. காற்றுப்பை உள்ள வண்டியாயின், அதன் மூடிமேல் எவ்வளவு சிறிய உருவமும் இருத்தல் ஆகாது. படமாக வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். பழைய வண்டியை வாங்கியபோதே முன்னவர் மூடிமேல் ஏதேனும் ஒட்டியிருந்தால், அதை எடுத்தபின்னரே மற்ற வேலையைத் தொடங்குக.

டாஷ்போர்டின் மேற்பரப்பை முழுதும் விட்டுவிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மின்னும் தாள் அங்கே இருந்தால், நண்பகலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழும். விஜயவாடாச் சாலையில் எதிரே வரும் லாரியின் மேல் நெசவுக்கோலம் படிந்து தெரியும் நிலையை யார் விரும்புவர்? மேலும், வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் டாஷ்போர்டு 70 டிகிரிச் சூட்டையும் எட்டுவதுண்டாதலால், எந்தத் தாளும் அங்கே நெடுநாள் உழைப்பதில்லை. ஒட்டத் தக்கவை கியர்க் கம்பின் சுற்றுப்பட்டை, ரேடியோச் சட்டம், காற்றுவழி வளையங்கள், கதவிலுள்ள கண்ணாடிப் பொத்தான் பலகை, கைப்பிடி ஆகியவையே. அவற்றையும் எல்லாவற்றையும் மூடிவிட்டால் வண்டி கரிப்பெட்டி போலாகிவிடும். மூன்று நான்கு இடங்களில் நிறுத்திக்கொள்வதே நம் சுவைக்கு உகந்தது.

வேலையின் முதற்படி, பட்டைகளைக் கழற்றுவது. வண்டியிலேயே வைத்து ஒட்டுவோரும் உண்டு. ஓரங்களைப் பின்னுக்கு மடிக்க முடியாததால் அவர்தம் வேலை சில மாதங்களில் உரியத் தொடங்கிவிடும். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் பிளாஸ்டிக்கில் வடு விழும். இதற்கெனப் பிளாஸ்டிக் நெம்பிகள் கடைகளில் கிடைக்கின்றன. முன்வரும் திருகாணிகளை எல்லாம் கழற்றிய பின்னரே கிளிப்புகளை நெம்பவேண்டும். வராத பட்டையில் பெரும்பாலும் ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், திருகாணிகளை இட்டலித் தட்டின் குழிகளில் வரிசைப்படி இட்டு வைப்பதும் பின்னர்ப் பெரிதும் உதவும். பொத்தான்களின் மின்கம்பி இணைப்புகளை, கம்பியைப் பற்றி இழுக்காமல், கொக்கியை அழுத்திப் பிரிக்கவேண்டும். ஸ்டியரிங் தண்டையும் மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளையும் தொடுதல் கூடாது, அவை காற்றுப்பைக்குரியவை.

இரண்டாம்படி சுத்தம். தாள் ஒட்டாமற் போவதற்குத் தாளைக் குறை கூறுவோர் பலர். உண்மைக் குற்றவாளி டாஷ்போர்டு பாலிஷ். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பளபளவென்று தேய்த்துத் தருகிறார்களே, அதில் சிலிக்கோன் எண்ணெய் கலந்திருப்பதுண்டு. அது ஆண்டுக்கணக்கில் படிந்து நிற்கும். முதலில் சோப்பு நீரால் கழுவி நன்கு உலர்த்துக. பிறகு மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, ஒரே திசையில் துடைத்து, துணியின் பக்கத்தை மாற்றி மீண்டும் துடைக்கவேண்டும். பலமுறை வெளுத்த பழைய மல் வேட்டித் துண்டு இதற்கு மிக ஏற்றது, பஞ்சு உதிராது. ஓரத்தில் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டி இழுத்துப் பார்த்தால், அழுத்தமாகப் பற்றுகிறதா, வழுக்கி வருகிறதா என்பதிலிருந்தே சுத்தத்தின் நிலை விளங்கும்.

உரிந்த வெள்ளிப்பூச்சை அப்படியே விட்டு மேலே தாள் ஒட்டுதல் வீண். வினைல் தாள் எதையும் மறைக்காது. அடியிலுள்ள விளிம்பையும் மணற்பொடியையும் முன்னிலும் எடுத்துக்காட்டும். 400 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, விரலை மூடிய கண்ணுடன் ஓட்டிப் பார்த்தால் மேடு தட்டுப்படாத அளவுக்குச் சமப்படுத்துக. தோல் போன்ற சொரசொரப்புள்ள பிளாஸ்டிக்கில் பசை மேட்டுமுனைகளை மட்டுமே பற்றும். அத்தகைய பட்டையில் ஓரங்களுக்கு மட்டும் பிரைமர் தடவலாம். த்ரீஎம் கம்பெனியாரின் 94 எண் பிரைமர் தொழிலாளரிடையே பெயர் பெற்றது. அது தீப்பற்றக்கூடியது, நெடியுடையது. அடுப்படியில் தடவாமல், சன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளை அகற்றிவிட்டுச் செய்க.

ஒட்டுவதற்கு இவ்வூரில் நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பகல் வேளை. அறை 20 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் தாள் சொன்னபடி கேட்கும். மே மாதத்தில் தாள் தொய்ந்து, பசை தொட்ட இடத்திலேயே பற்றிக்கொண்டு, எடுத்து ஒட்ட இடங்கொடுக்காது. காற்றில் தூசி இருந்தால் ஒவ்வொரு துகளும் பரு போல் தெரியும் என்பதனால், தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்வது முறை.

தாளை வெட்டும்போது எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுக. சாய்வரிகள் எல்லாப் பட்டைகளிலும் ஒரே பக்கம் சாயவேண்டும். ஆதலால் ஒவ்வொரு துண்டின் பின்காகிதத்திலும் எது மேற்பக்கம் என்று அம்புக்குறி இட்டபின்னரே வெட்டுதல் வேண்டும். இதனைக் கவனியாமல் மிச்சம் பிடிப்பதற்காகத் துண்டைத் திருப்பி வெட்டினால், வலக்கதவில் ஒரு சாய்வும் இடக்கதவில் மறு சாய்வுமாக அமைந்து, பார்ப்பவர் கண்ணை நாள்தோறும் உறுத்தும்.

பின்காகிதத்தைப் பாதி உரித்து, பட்டையின் நடுவில் தாளை இழுக்காமல் கிடத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்ப்பது பொதுவிதி. தேய்ப்பதற்குக் காலாவதியான வங்கி அட்டையில் மெல்லிய துணி சுற்றிக்கொண்டால் போதுமானது. கொப்புளம் விழுந்தால் தேய்த்தே வெளியேற்றலாம். பிடிவாதமான ஒன்றைக் குண்டூசி முனையால் குத்திக் காற்றைப் போக்கலாம். சுருக்கம் விழுந்தால் அழுத்தி மறைக்க முயல வேண்டா. அப்பகுதியை மெல்லத் தூக்கி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடுகாட்டினால், தாள் தன் பழைய வடிவுக்குத் தானே மீண்டு சுருக்கம் நீங்கும். உருட்டிய தாளுக்குக் குறையாகச் சொன்ன அந்நினைவே இங்கே நமக்குத் துணையாகிறது.

கடினமானது மூலையும் குழியும். வெளிப்புறம் வளைந்த மூலையில் தாளைச் சூடாக்கி, இரு கைகளாலும் சீராக இழுத்து, மூலையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பின்புறம் பிடித்து, ஆறும் வரை கையை எடாதிருக்கவேண்டும். மிகுதியாக இழுத்தால் நெசவுக்கோலம் அகன்று விகாரமாகும். குழிவான இடத்தில் நேர்வது வேறு. மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாள் பாலம் போட்டு நிற்கும், அழுத்தினால் உட்காரும், மறுநாள் வெயிலில் டப்பென்று எழுந்துகொள்ளும். இழுத்து உட்காரவைத்த தாளெல்லாம் இப்படித்தான் எழும். ஆகவே குழியில் முதலில் தாளைத் தளர்வாக இறக்கி அடியைப் பதித்துவிட்டு, அங்கிருந்து மேட்டுக்கு ஏறவேண்டும். குழி ஆழமாயின், பார்வைக்குத் தெரியாத பக்கத்தில் ஒரு வெட்டுக் கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தலாம். எவ்வளவு எழுதினும் இது கைப்பழக்கத்தால் வருவதே. அதனால் முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் பழகிப் பார்த்துவிட்டு, தட்டையான பட்டையை முதலிலும், வளையங்களை இறுதியிலும் எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

ஓரங்களைப் பின்புறம் ஒரு சென்டிமீட்டர் அளவு மடித்து, மூலைகளில் ஆப்பு வடிவில் வெட்டி நீக்கினால் மடிப்பின்மேல் மடிப்பு குவியாது. கிளிப்பு அமரும் இடத்தில் தாள் இருத்தலாகாது. இருந்தால் பட்டை சரியாக உட்காராமல் வழியெல்லாம் கிறீச்சிடும். கட்டருக்குப் புது பிளேடு போட்டுக்கொள்க. மழுங்கிய பிளேடு தாளைப் பிய்க்கும், கையையும் வெட்டும். இறுதியாக ஓரங்களை மீண்டும் சூடுகாட்டி அழுத்தவேண்டும். தாள் செய்வோர் இதற்கு 90 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைக் கேட்கின்றனர். பட்டையின் பிளாஸ்டிக்கோ 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். ஹீட் கன் வைத்திருப்போர் அதனைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது இதனாலேயே. ஒருநாள் முழுதும் பட்டையைத் தொடாமல் வைத்து, பசை இறுகியபின் வண்டியில் பூட்டுக.

செலவைப் பற்றி. நாலைந்து பட்டைகளுக்கு இரண்டு மீட்டர் நீளத் தாள் தாராளம். கற்றுக்கொள்ளும்போது வீணாவதும் அதில் அடங்கும். கடையில் கொடுத்தால் கூலியே பெரும்பங்கு. ஆனால் பழகிய கை அரைநாளில் முடிப்பதை நாம் இரண்டு நாளில் முடிப்போம் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். கணவர் பட்டையைப் பிடிக்க, மனைவி சூடுகாட்ட, பிள்ளைகள் திருகாணிக் கணக்கு வைத்துக்கொள்ள, ஒரு ஞாயிறு போவதில் நட்டமொன்றும் இல்லை என்று நாம் கருதுகிறோம். உட்பட்டைகளுக்குத் தாள் ஒட்டிச் சுவை கண்டவர், அடுத்து வெளியுடலுக்கும் நிறம் மாற்ற விழைவர். வெளிநிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் மாற்றிக் குறிப்பிக்கவேண்டும். கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுதலை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடுத்தது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

ஒட்டிய தாளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழைய பாலிஷ் டப்பாவை வண்டியிலிருந்தே அகற்றிவிடுக. வெயிலில் நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உட்புறம் மறைப்பு வைத்தால் தாளும் உழைக்கும், டாஷ்போர்டும் உழைக்கும். சில ஆண்டுகளில் ஓரம் எழும்பினாலோ, வண்டியை விற்க நேர்ந்தாலோ, தாளை இளஞ்சூடாக்கி, பட்டையோடு படிந்த கோணத்தில் மெதுவாக உரித்தால் முழுதாக வந்துவிடும். எஞ்சிய பசைக்கு நீலகிரித் தைலம் சில துளி நல்ல மருந்து. மறைவான ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துக. பெட்ரோல் வேண்டா.

கத்தரித்த துண்டுகளையும் உரித்த பழந்தாளையும் போகிக்கென்று சேர்த்து வைப்போர் உண்டு. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு எனும் காரப்புகையும், அதனினும் கொடிய டயாக்சின் நஞ்சும் எழும். நெருப்பைச் சூழ்ந்து மேளம் கொட்டி நிற்பவர் நம் பிள்ளைகளே. துண்டுகளை மாநகராட்சிக் குப்பை வண்டியில் உலர்குப்பையோடு கொடுத்துவிடுக. அரை முழத்திற்கு மேல் மிஞ்சிய நல்ல துண்டு இருந்தால், துரு ஏறிய ஜியாமெட்ரிப் பெட்டிக்கு அது சரியான அளவு.